மஞ்சள் நாயின் கடைசிப் பதினைந்து நிமிடம்

மகள் ரிமோட்டைக் கையில் எடுத்துவிட்டாள்.

"போதுமுங்கப்பா, நிறுத்திப்போடலாம். இதுக்கு மேல அவன் பார்க்க வேண்டாம்."

திரையில் மக்காச்சோளக் கதிர் கொட்டி வைக்கும் மரக்கொட்டிலுக்குள் ஒரு மஞ்சள் நாய் அடைபட்டுக் கிடந்தது. ஒன்பது வயதுப் பேரன் என் மடிமேல் காலைப் போட்டுக்கொண்டு, கண்ணை எடுக்காமலே, "அம்மா, மறைக்காதே" என்றான். அவள் மறைப்பதற்காகவே நின்றாள். படம் பாதி ஓடும்போதே செல்போனில் கதைச் சுருக்கத்தைப் படித்துவிட்டிருக்கிறாள்.

படம் 'ஓல்ட் யெல்லர்'. 1957 கிறிஸ்துமஸ் அன்று வால்ட் டிஸ்னி நிறுவனம் வெளியிட்டது. ராபர்ட் ஸ்டீவன்சன் இயக்கியது. பின்னாளில் 'மேரி பாப்பின்ஸ்' எடுத்தவரும் அவர்தான். டிஸ்னி என்ற பெயரையும் பண்டிகை நாளையும் நம்பிப் பிள்ளைகளைக் கூட்டிப்போன அமெரிக்கத் தாய்தகப்பன்மார் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்த கதை அங்கே ஒரு தலைமுறைக்கே தெரியும். 'ஃப்ரெண்ட்ஸ்' தொடரில் ஃபீபி என்ற பெண்ணுக்கு இந்தப் படத்தின் முடிவு தெரியாது. சோகக் காட்சி வருவதற்கு முன்பே அவள் அம்மா டிவியை அணைத்துவிடுவாராம். வளர்ந்த பிறகு முடிவைப் பார்த்து அவள் திகைத்துப்போவாள். என் மகளுக்கு அந்தத் தொடர் தலைகீழ்ப் பாடம். அதை எடுத்துச் சொல்லித்தான் ரிமோட்டைத் திரும்ப வாங்கினேன்.

என்னைப் பற்றி ஒரு வரி சொல்லிவிடுகிறேன். தாராபுரம், மூலனூர், வெள்ளகோவில் பக்கத்துக் கால்நடை மருந்தகங்களில் 30 வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சினிமா விமர்சனம் எனக்குப் பழக்கமில்லை. ஆனால் வெறி பிடித்த மாட்டையும் நாயையும் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

கதை நடப்பது டெக்சாஸ் மலைப்பகுதியில், 1860களின் கடைசியில். உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்து, தோற்றுப்போன தென்மாநிலங்களின் நோட்டு வெறும் காகிதமாகிவிட்ட நேரம். தொழுவத்தில் மாடு இருக்கிறது, கையில் காசு இல்லை. வடக்கே கான்சாஸ் மாநிலத்து அபிலீன் ஊரில் 1867 முதல் ரயிலடியை ஒட்டிப் பெரிய மாட்டுச் சந்தை. ஜிம் கோட்ஸ் என்கிற குடியானவர் அக்கம்பக்கத்து ஆண்களோடு சேர்ந்து, 600 மைலுக்கும் மேல் மாடுகளை ஓட்டிக்கொண்டு அங்கே போகிறார். கன்னபுரம் சந்தைக்குக் காளை ஓட்டிப் போனதையே ஆயுசுக்கும் பேசும் ஊர்க்காரனான எனக்கு இந்தத் தூரம் மலைப்பாக இருந்தது. மனைவியையும், மூத்தவன் டிராவிஸையும், குட்டிப்பயல் ஆர்லிஸையும் காட்டு வீட்டில் விட்டுவிட்டுப் போகிறார். அப்பா வேடத்தில் நடித்த ஃபெஸ் பார்க்கர் அன்றைக்குப் பெரிய நட்சத்திரம். ஆனாலும் ஆரம்பத்திலும் முடிவிலும் மட்டும்தான் வருவார். நடுவில் முழுக்க அந்தப் பையன்தான். டாமி கர்க் நடித்தார்.

அந்த வீட்டுக்குள் எங்கிருந்தோ ஒரு மஞ்சள் நாய் நுழைந்து, தொங்கவிட்டிருந்த இறைச்சியைத் திருடித் தின்கிறது. டிராவிஸுக்கு அதைக் கண்டாலே ஆகாது. ஆர்லிஸுக்கோ அதுதான் உயிர். அதன் பெயரில் ஒரு வேடிக்கை உண்டு. அந்தப் பக்கத்துக் கொச்சையில் 'யெல்லர்' என்றால் மஞ்சள். கத்துகிறவன் என்றும் பொருள் வரும். அந்த நாயின் குரைப்பு மனிதர் கத்துவதைப்போல இருந்ததாம். தமிழில் இதைக் கொண்டுவரப் பார்த்தேன், முடியவில்லை. விட்டுவிட்டேன்.

பிறகு நடப்பது தெரிந்ததுதான். ஆர்லிஸ் ஒரு கரடிக் குட்டியைப் பிடித்துக்கொள்ள, தாய்க்கரடி பாய்ந்து வர, நாய் குறுக்கே விழுந்து காப்பாற்றுகிறது. நாயின் சொந்தக்காரர் தேடிக்கொண்டு வருகிறார். ஆர்லிஸின் அழுகையைப் பார்த்துவிட்டு, ஒரு கொம்பு ஓணானுக்கும் ஒரு வேளை வீட்டுச் சாப்பாட்டுக்கும் நாயை விட்டுக்கொடுத்துவிட்டுப் போகிறார். டிராவிஸ் காட்டுப்பன்றிகளிடம் சிக்கும்போது மறுபடி நாய் காப்பாற்றி, வயிறு கிழிந்து கிடக்கிறது. அம்மா கோவேறு கழுதையின் வாலிலிருந்து ஒரு ரோமத்தைப் பிடுங்கித் தையல் போடுகிறாள். பேரன் என்னைத் திரும்பிப் பார்த்தான், இதெல்லாம் நடக்குமா என்று. நடக்கும். குதிரை ரோமத்தில் தையல் போடுவது அந்தக் காலத்து வைத்தியத்தில் இருந்ததுதான். நூல் தீர்ந்துபோன நாட்களில் நான் போட்ட சில தையல்களைவிட அந்த அம்மா போட்டது நேர்த்தி.

அதற்குப் பின்தான் நோய் வருகிறது. வீட்டுப் பசு ரோஸ் தள்ளாடி நடக்கிறது. அந்தக் காட்சியில் என்னை அறியாமல் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். நாய்க்கு வெறி பிடித்தால் ஊரே கண்டுபிடித்துவிடும். மாட்டுக்குப் பிடித்தால் சீக்கிரம் தெரியாது. எச்சில் ஒழுகும், விழுங்க முடியாது, அடித்தொண்டையில் கத்தும். தீவனமோ எலும்போ தொண்டையில் சிக்கிவிட்டது என்று நினைத்து வீட்டுக்காரர் முழங்கை வரைக்கும் கையை விட்டுத் துழாவுவார். நான் போய் இறங்கும்போது அப்படிக் கையை விட்டபடியே என்னைத் திரும்பிப் பார்த்து, "வாங்க டாக்டர், ஏதோ சிக்கிக்கிச்சுங்க" என்று சொன்னவரை இன்னமும் மறக்க முடியவில்லை. அவரையும், பால் கறந்த அவர் மனைவியையும் அன்று சாயங்காலமே அரசு மருத்துவமனைக்கு அனுப்பினேன். தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்று ஊரே நடுங்கிய காலம் அது.

டிராவிஸ் வீட்டாருக்கு அந்த 14 ஊசியும் இல்லை. பாரிஸில் லூயி பாஸ்டர் ஜோசப் மைஸ்டர் என்ற 9 வயதுப் பையனுக்கு முதன்முதலாகத் தடுப்பூசி போட்டது 1885 ஜூலையில். நம் குன்னூரில் பாஸ்டர் நிலையம் வந்தது 1907இல். இந்தக் கதையோ அதற்கெல்லாம் முன்னால். கடிபட்டால் சாவு, அவ்வளவுதான். அந்த எல்லைப்புறத்தில் கரடியை அடிக்கலாம், பன்றியை விரட்டலாம். இந்த ஒன்றுக்கு மட்டும் கையில் எதுவுமில்லை. இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால்தான் கடைசிப் பகுதியின் கனம் புரியும்.

ரோஸைச் சுட்டு எரிக்கிறார்கள். அந்த நெருப்பின் அருகில் இரவில் ஒரு ஓநாய் பாய்கிறது. மஞ்சள் நாய் அதை மறித்துச் சண்டை போடுகிறது, கடிபடுகிறது. நெருப்பையும் மனிதரையும் மதிக்காமல் வருகிற ஓநாய் நல்ல புத்தியுள்ள ஓநாயாக இருக்க முடியாது என்பது அம்மாவுக்கு உடனே தெரிந்துவிடுகிறது.

இங்கேதான் படமும் நாவலும் பிரிகின்றன. எழுத வந்த விஷயமே இதுதான்.

நாவலை எழுதியவர் ஃப்ரெட் கிப்சன். அதே டெக்சாஸ் மலைப்பகுதியில், மேசன் என்ற ஊரில் 1908இல் பிறந்தவர், பத்திரிகையாளராக இருந்தவர். நாவல் 1956இல் வந்தது, மறுவருஷம் சிறுவர் நூல்களுக்கான நியூபெரி கௌரவம் கிடைத்தது. படத்தின் திரைக்கதையிலும் அவர் கை உண்டு. அதனால் டிஸ்னிக்காரர்கள் அவர் கதையைக் கெடுத்துவிட்டார்கள் என்று சட்டென்று சொல்லிவிட முடியாது.

படத்தில், கடிபட்ட நாயைக் கொட்டிலில் அடைத்து வைக்கிறார்கள். சில வாரங்கள் போகின்றன. ஒன்றும் ஆகாது என்று நம்பத் தொடங்கும் நேரத்தில் ஒரு நாள் அது பல்லைக் காட்டி உறுமுகிறது. விவரம் தெரியாத ஆர்லிஸ் கதவைத் திறக்கப் போகிறான். இனி சந்தேகமே இல்லை. தான் சுடுவதாக அம்மா சொல்ல, அது என் நாய், நானே செய்கிறேன் என்கிறான் டிராவிஸ். குண்டு பாய்வதைக் கேமரா காட்டுவதில்லை; துப்பாக்கி பிடித்த பையனின் முகத்தைத்தான் காட்டுகிறது.

நாவலில் அந்த வாரங்களே கிடையாது. ஓநாய் செத்து விழுந்த அதே இரவில், அதே இடத்தில், டிராவிஸ் நாயைச் சுட்டுவிடுகிறான். நாய் அப்போது உறுமவில்லை, நுரை தள்ளவில்லை. கொஞ்ச நேரத்துக்கு முன் அவன் தாயின் உயிரைக் காத்த நாய், காயத்தோடு அவன் பக்கத்தில் நிற்கிறது. நோய் தொற்றியிருக்கலாம், தொற்றாமலும் போயிருக்கலாம். அந்த 'லாம்' ஒன்றை வைத்துக்கொண்டு 14 வயதுப் பையன் விசையை இழுக்கிறான்.

ஆக, நாயைக் கொன்ற படம் என்று டிஸ்னியைத் திட்டுகிறவர்கள் தவறான இடத்தில் திட்டுகிறார்கள் என்பது என் கட்சி. சாவை அந்தப் படம் மறைக்கவே இல்லை. அது எடுத்துவிட்டது சந்தேகத்தை. நாய்க்குக் கண் முன்னால் வெறி பிடிக்க வைத்து, பையன் கையிலிருந்து பாவத்தைத் துடைத்துவிட்டுத்தான் துப்பாக்கியைக் கொடுக்கிறது. பார்க்கிறவனும் அழுகிறான், ஆனால் நிம்மதியாக அழுகிறான். நாவலைப் படித்தவனுக்கு அந்த நிம்மதி இல்லை.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு.

1988 என்று நினைவு. ஒரு கிராமத்தில் ராத்திரி வெறிநாய் ஒன்று ஆட்டுப்பட்டிக்குள் புகுந்துவிட்டது. பட்டியில் இருந்த செவலை நாய் அதோடு கட்டிப் புரண்டு விரட்டியது. இரண்டு ஆட்டுக்குக் கடி, செவலைக்கும் காதோரம் கடி. ஊர்க்காரர்கள் வெறிநாயைத் துரத்திப் பிடித்துத் தலையைக் கல்லால் நசுக்கிக் கொன்றிருந்தார்கள். மூளையைப் பரிசோதனைக்கு அனுப்பவும் வழியில்லை. அதற்கு வெறிதானா என்பதையே ஊர் சொல்லித்தான் நான் நம்ப வேண்டும். நான் போவதற்குள் கடிபட்ட ஆடுகளைப் பண்ணையக்காரர் வேறெங்கோ விற்றுவிட்டார். கேட்டால் தரையைப் பார்த்தார். செவலை மட்டும் கட்டிக் கிடந்தது. தடுப்பூசி என்ற பேச்சே இல்லாத நாய்.

எங்கள் மருத்துவப் புத்தகத்தில் இரண்டு வழிதான் உண்டு. கருணைக்கொலை, இல்லாவிட்டால் மாசக்கணக்கில் யாரும் நெருங்காதபடி அடைத்து வைப்பது. நாய்க்குக் கடி விழுந்து நோய் தெரியச் சில வாரமும் ஆகலாம், சில மாசமும் ஆகலாம். பட்டிக்காட்டில் ஆறு மாசம் நாயைப் பூட்டி வைக்க யாருக்கு முடியும்? அந்த வீட்டில் 11 வயதுப் பையன் வேறு. ராத்திரி நாயோடுதான் படுப்பானாம்.

"நீங்களே பண்ணிருங்க டாக்டர். பையன் பள்ளிக்கூடம் போனதுக்கப்புறம் வாங்க" என்றார் பண்ணையக்காரர்.

மறுநாள் பத்து மணிக்குப் போனேன். சங்கிலியைப் பிடித்து ஊசி போடும்போது அது என் கையை நக்கியது. முடிந்த பிறகு தொட்டித் தண்ணீரில் லைஃப்பாய் சோப்பைப் போட்டு அந்தக் கையைப் பத்து நிமிஷம் கழுவினேன். ஆழமாகக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டு மூடினோம். பையனிடம் நாய் அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது என்று சொல்லியிருக்கிறார்கள். தீபாவளிக்குப் பக்கத்தில் அந்த ஊருக்கு மறுபடி போனபோது சைக்கிளை நிறுத்தி என்னைக் கேட்டான்: "சார், நீங்க ஊர் ஊராப் போறீங்களே, எங்க செவலைய எங்கயாச்சும் பார்த்தீங்களா?"

இல்லப்பா என்று சொன்னேன்.

செவலைக்கு நோய் இருந்ததா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. நோய் வெளிப்படும் முன்பே கொன்ற நாயின் மூளையில் தேடினாலும் கிடைக்காது. நாவலின் டிராவிஸுக்கும் அதே கதிதான். அதனால்தான் கிப்சன் எழுதிய அந்த இரவை நான் நம்புகிறேன். படத்தில் வரும் கொட்டிலை ஒரு சலுகையாகத்தான் பார்க்கிறேன். சலுகை தவறு என்று சொல்ல வரவில்லை. அடைத்து வைத்துக் கவனிப்பது என்பது என் தொழிலே சொல்கிற வழி. கடித்த நாயைப் பத்து நாள் கவனிக்கச் சொல்கிறோம், அது வேறு கணக்கு என்றாலும். ஆனால் அந்தப் பதினைந்து நிமிஷத்தையும் மறைக்கப் பார்க்கிற தாய்தகப்பன்மார், ஏற்கெனவே கசப்பு குறைத்த மருந்தையே கொட்டிவிடுகிறார்கள்.

என் மகள் கேட்டதில் நியாயமில்லாமல் இல்லை. பையன் ராத்திரி பயப்படுவான், நம் வீட்டு நாயைப் பார்த்தால் அழுவான் என்றாள். அழட்டுமே. கார்ட்டூனில் மலையிலிருந்து விழுந்தவன் எழுந்து ஓடுவதையும், செல்போன் விளையாட்டில் நிமிஷத்துக்கு நாலு பேரைச் சுடுவதையும் பார்க்கிற பிள்ளைகள்தான் இவர்கள். அங்கே செத்தவனுக்காக யாரும் உட்கார்ந்து அழுவதில்லை, குழி தோண்டுவதுமில்லை. இங்கே ஒரு சாவுக்காக ஒரு வீடே சோறு இறங்காமல் கிடக்கிறது. எதைக் காட்ட வேண்டும், எதை மறைக்க வேண்டும் என்பதில் நாம் எங்கேயோ தலைகீழாக நிற்கிறோம்.

படம் குறையில்லாதது என்றும் சொல்ல மாட்டேன். கடைசியில் அப்பா குதிரையோடு திரும்பி வந்து மகனிடம் பேசுகிற பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை. வாழ்க்கையில் அடி விழும், நல்லதையும் நினைத்துக்கொள் என்கிற வகைப் புத்திமதி. பையன் செய்த காரியத்துக்கு முன்னால் அது சின்னதாகிவிடுகிறது. மஞ்சள் நாய்க்குப் பிறந்த குட்டி ஒன்று பதிலுக்கு வந்து சேர்வதும் அப்படித்தான். நாவலிலும் அது உண்டு என்றாலும், படத்தில் பாட்டோடு வரும்போது கணக்கைத் தீர்த்துவிட்டதுபோல் ஆகிவிடுகிறது.

இன்னொன்று, பெரிய குறை. அந்த மலைப்பகுதி கோமாஞ்சி மக்கள் வேட்டையாடித் திரிந்த நிலம். ஜெர்மனியிலிருந்து வந்து குடியேறியவர்கள் 1847இல் அவர்களோடு உடன்படிக்கை செய்துகொண்டுதான் உள்ளே போனார்கள். படத்தில் கோமாஞ்சி மக்கள் ஒருவர்கூட வருவதில்லை. கரடி உண்டு, ஓநாய் உண்டு, பன்றி உண்டு. அந்த மண்ணின் மனிதர்கள் மட்டும் இல்லை. 1963இல் வந்த அடுத்த பாகமான 'சாவேஜ் சாம்' படத்தில் பூர்வகுடிகள் வருகிறார்கள், பிள்ளைகளைக் கடத்துகிறவர்களாக. குடும்பப் படம் என்ற பெயரில் உண்மையிலேயே எது மறைக்கப்பட்டது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். பேரன் கொஞ்சம் பெரியவனானதும் இதையும் சொல்ல வேண்டும்.

நடித்த நாயைப் பற்றிச் சொல்லாமல் விடக்கூடாது. ஸ்பைக் என்று பெயர். கலிஃபோர்னியாவின் வேன் நைஸ் பகுதியில் இருந்த விலங்குக் காப்பகத்திலிருந்து 3 டாலருக்கு எடுத்து வளர்த்தவர் ஃப்ராங்க் வெதர்வாக்ஸ் என்ற பயிற்சியாளர். பெரிய உடம்பு, தொங்கு காது, சாதுவான கண். கொட்டிலில் அது உறுமும் காட்சியை நான் இரண்டு தரம் ஓட்டிப் பார்த்தேன். நிஜ வெறி அப்படி இருக்காது. நிஜத்தில் குரல் உடைந்துவிடும், தாடை தொங்கிவிடும், கண் எங்கேயோ பார்க்கும். ஸ்பைக்கின் கண் மட்டும் கடைசிவரை நல்ல நாயின் கண்ணாகவே இருக்கிறது. டிராவிஸின் கை நடுங்க அது போதும்.

படம் முடிந்தபோது பேரன் அழவில்லை. மகள்தான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அடுக்களைக்குப் போனாள். அவன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்புச்சி, நீங்க இப்படி ஏதாச்சும் நாயைக் கொன்னிருக்கீங்களா?" என்றான்.

முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் யாரிடமும் சொல்லாத செவலையின் கதையைச் சொன்னேன். லைஃப்பாய் சோப்பு வரைக்கும். அந்தப் பையனிடம் நான் சொன்ன பதிலையும் சொன்னேன். அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது.

"அந்தண்ணன் இன்னும் தேடிட்டு இருப்பாரா?" என்றான்.

தெரியலப்பா என்றேன். எழுந்து போனவன் பீரோவைத் திறந்து எதையோ கிளறினான். எங்கள் வீட்டு நாயின் தடுப்பூசி அட்டையோடு திரும்பி வந்தான். ஊருக்கெல்லாம் ஊசி போட்ட டாக்டர் வீட்டு அட்டை. போன முறை போட்ட தேதியைப் பார்த்து விரலை மடக்கி எண்ணினான். கெடு முடிந்து இரண்டு மாசம் ஆகியிருந்தது.

மறுநாள் காலை ஸ்கூட்டரில் நாயை முன்னால் நிற்க வைத்துக்கொண்டு மூன்று பேரும் கால்நடை மருந்தகத்துக்குப் போனோம். வழியெல்லாம் அட்டையை அவனே வைத்திருந்தான், என்னிடம் கொடுக்கவில்லை.